பொன்னுக்கு ஒரு தராசு, உப்புக்கு ஒரு தராசு

பெரும்போக மழையை எதிர்நோக்கி வயல்கள் உழப்பட்டுக் கிடக்கும் நாட்களில், வவுனியா நகரை அடுத்துள்ள எமது நெளுக்குளத்து வீடுகளில் இரண்டு பேச்சுக்கள் தவறாமல் எழும். குளம் நிறையுமா என்பது ஒன்று. விதைநெல்லுக்கும் உழவுகூலிக்கும் வேண்டிய பணத்துக்காக எந்த நகையை ஈடு வைப்பது என்பது மற்றொன்று. எமது இல்லத்திலும் அவ்வாறே ஒரு நாள் ஆச்சியின் சங்கிலி பெட்டகத்திலிருந்து வெளியே வந்தது. அதைச் செய்து தந்த பொற்கொல்லர், 'இரண்டு பவுண், 16 கிராம்' என்று எழுதிக் கொடுத்த துண்டும் அதனோடு பத்திரமாக இருந்தது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு சிறிய இலத்திரனியல் தராசு உண்டு. அது பொன்னுக்காக வாங்கப்பட்டதன்று, உப்புக்காக வாங்கப்பட்டது. அந்தக் கதையைப் பின்னர் கூறுவோம். 200 கிராம் வரை நிறுப்பதும் 0.01 கிராம் வரை காட்டுவதும் அதன் ஆற்றல் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். சங்கிலியை அதன் தட்டில் வைத்தோம். 15.95 என்று காட்டியது. எடுத்து மீண்டும் வைத்தோம். மறுபடியும் 15.95.

குறைவு ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்குதான். ஆயினும் பொன் விலையை அறிந்தவர்கள் அதனைச் சிறிதென்று தள்ளிவிட மாட்டார்கள். ஆச்சி அந்தச் சங்கிலியை நல்ல நாள் பெருநாளிலன்றி அணிந்தவரல்லர். தேய்ந்திருக்கும் என்று கூறவும் வழியில்லை. ஆகவே எமது ஐயம் நேரே பொற்கொல்லரிடம் சென்றது. 'நம்பிக் கொடுத்த மனிதர் இப்படிச் செய்துவிட்டாரே' என்று நாம் வாய்விட்டுச் சொல்லியும்விட்டோம். ஆச்சி அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“அந்தப் பத்தர் உன்ர கொப்பரின்ர கலியாணத்துக்கும் நகை செய்து தந்தவர், மோனை. அவரைக் கேட்கிறதுக்கு முன்னம் உந்தத் தராசைக் கேள்” என்றார்.

தராசைக் கேட்பதெப்படி? அதற்கு விடை கண்டவன் வீட்டிலே சாதாரணதரம் பயிலும் சிறுவன். ஆசிரியரிடம் அனுமதி பெற்று, தராசையும் சங்கிலியையும் பாடசாலை ஆய்வுகூடத்துக்குக் கொண்டு செல்ல வழி செய்தான். அங்கே நிறைப்பெட்டியிலிருந்த 100 கிராம் படிக்கல்லை எமது தராசில் வைத்தபோது அது காட்டியது 99.70. 50 கிராம் படிக்கல்லுக்கு 49.85. 20 கிராம் படிக்கல்லுக்கு 19.94. பின்னர் ஆசிரியர் பழைய இருதட்டுத் தராசை எடுத்து, ஒரு தட்டிற் சங்கிலியையும் மற்றத் தட்டிற் 10, 5, 1 கிராம் படிக்கற்களையும் வைத்தார். முள் நடுவில் வந்து நின்றது. சங்கிலி 16 கிராம்தான். பொற்கொல்லர் நேர்மையானவர், பொய் சொன்னது எமது தராசு. நாமும் அந்தப் பொய்க்குச் சாட்சி சொல்ல ஆயத்தமாயிருந்தோம் என்பதை நினைக்கையில் வெட்கமாயிருந்தது.

இன்று பல இல்லங்களில் இத்தகைய நுண் தராசுகள் வந்துவிட்டன. ஆதலின் அவற்றை எவ்வாறு தெரிந்தெடுப்பது, எவ்வாறு சோதிப்பது என்பதை இவ்வாரம் வாசகர்களுடன் கலந்து பேசலாமென எண்ணுகிறோம்.

மாணவச் செல்வங்கள் முதலிற் கவனிக்க வேண்டியது, எமது தராசு தவறிய முறையாகும். 100இல் 0.30 குறைவு, 50இல் 0.15, 20இல் 0.06. ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கு மூன்று பங்கு குறைந்திருக்கிறது. தாறுமாறாக அன்றி ஓர் ஒழுங்கோடு அது தவறியிருக்கிறது. ஒழுங்கான தவறுக்குக் காரணம் தேடலாம், பரிகாரமும் தேடலாம்.

இருதட்டுத் தராசு ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி. பூமி இரு தட்டுக்களையும் ஒரே அளவில் இழுப்பதால், அத்தராசு கொழும்பிலும் இலண்டனிலும் ஒன்றையே கூறும். இலத்திரனியல் தராசின் இயல்பு வேறு. அதன் தட்டின் கீழ் ஒரு சிறு அலுமினியச் சட்டம் இருக்கிறது. பொருளை வைத்ததும் அச்சட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன்மேல் ஒட்டப்பட்டுள்ள மெல்லிய உலோக இழைகள் நீண்டும் சுருங்கியும் தமது மின்தடையை மாற்றுகின்றன. அந்த மாற்றத்தைத் தராசின் உட்பொறி இலக்கமாக்கிக் காட்டுகிறது. ஆகவே அது உணர்வது பொருளின் திணிவையன்று. பூமி அப்பொருளை இழுக்கும் விசையை, அதாவது நிறையை. பாடப்புத்தகத்தில் திணிவு வேறு, நிறை வேறு என்று படித்தது பரீட்சைக்கு மாத்திரம் உரியதன்று என்பதை எமது வீட்டுச் சிறுவன் அன்று கண்டுகொண்டான்.

பூமி எல்லா இடத்திலும் ஒரே அளவில் இழுப்பதில்லை. புவியீர்ப்பு ஆர்முடுகல், பூமத்தியரேகைக்கு அண்மையிலுள்ள எமது நாட்டில் ஏறத்தாழ 9.78, வட ஐரோப்பாவில் ஏறத்தாழ 9.81, துருவத்தில் 9.83. வட ஐரோப்பிய அளவுக்குச் சரிசெய்யப்பட்ட ஒரு தராசை இங்கே கொண்டுவந்து 100 கிராமை வைத்தால், அது ஏறத்தாழ 99.7 என்றே காட்டும். எமது தராசின் குற்றமும் அத்தகையதே. வழியில் விழுந்து அடிபடுதல், கடும் வெப்பம், மின்கலம் தளர்தல் ஆகியனவும் தராசைத் தவறச் செய்வன. காரணம் எதுவாயினும் பரிகாரம் ஒன்றுதான்: தராசு பயன்படும் இடத்திலேயே, நம்பத்தக்க ஒரு படிக்கல்லால் அதனைத் திரும்பச் சரிசெய்தல். 'சீ.ஏ.எல்.' என்ற எழுத்துக்கள் பொறித்த பொத்தான் அதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. அதனை அழுத்தி, தராசு கேட்கும் படிக்கல்லை வைத்தால், 'இதுவே 100 கிராம்' என்று அது புதிதாகக் கற்றுக்கொள்கிறது. ஆய்வுகூடத்திலேயே அவ்வாறு செய்தோம். மறுபடி வைத்தபோது சங்கிலி 16.00 என்று காட்டியது.

தராசையே நிறுத்துப் பார்க்க வேண்டுமா என்று சிலர் நகைக்கக்கூடும். உலகத்துக் கிலோகிராமே அவ்வாறு சோதிக்கப்பட்டது. 1889ஆம் ஆண்டு முதல், பாரிசு நகருக்கு அண்மையிலுள்ள செவ்ரே என்னுமிடத்தில் வைக்கப்பட்ட பிளாற்றினம்-இரிடியம் உருளை ஒன்றே கிலோகிராமின் மூலப்படியாக விளங்கிற்று. அதன் பிரதிகளோடு ஒப்பிட்டபோது, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் அவற்றுக்கிடையே 50 மைக்கிரோகிராம் அளவு வேறுபாடு தோன்றியிருக்கக் கண்டார்கள். அதனால், 2019 மே 20 தொடக்கம் அவ்வுருளையின் ஆட்சி முடிந்து, பிளாங்கின் மாறிலி என்னும் இயற்கை அளவினால் கிலோகிராம் வரையறுக்கப்படுகிறது. அரசனுக்கே சோதனை இருக்குமாயின், எமது மேசைத் தராசு எம்மாத்திரம்!

இனி, தெரிந்தெடுக்கும் முறையைப் பார்ப்போம். தராசின் பெட்டியில் இரண்டு இலக்கங்கள் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். எவ்வளவு பாரம் தாங்கும் என்பது ஒன்று. எவ்வளவு சிறிய படியாகக் காட்டும் என்பது மற்றொன்று. கடைக்குச் செல்வோர் பெரும்பாலும், 'இரண்டும் நன்றாயிருப்பது வேண்டும்' என்பார்கள். 5 கிலோகிராம் தாங்கி 0.01 கிராம் காட்டும் தராசு ஒன்றை வேண்டினால், அது ஐந்து இலட்சம் படிகளைப் பிரித்தறிதல் வேண்டும். சர்வதேச விதிகளின்படி, சந்தையில் வழங்கும் சாதாரண வியாபாரத் தராசுகளின் வகுப்புக்கு உச்சவரம்பு 10,000 படிகளே. ஐந்து இலட்சம் படிகளை உண்மையாகப் பிரிப்பது வீட்டு விலைக்குக் கிடைக்கும் கருவியின் வேலையன்று. பெரிய பாரமும் நுண்ணிய படியும் ஒருங்கே தருவதாகச் சொல்லும் மலிவான தராசைக் கண்டால் ஒதுங்கிச் செல்வதே நன்று.

ஆகவே, என்ன நிறுக்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும். மாவுக்கும் சீனிக்கும் காய்கறிக்கும் 5 கிலோகிராம் தாங்கி ஒரு கிராம் காட்டும் தராசு போதும். உப்புக்கும் மா புளிக்க வைக்கும் ஈஸ்டுக்கும் 500 கிராம் தாங்கி 0.1 கிராம் காட்டுவது தக்கது. பொன்னுக்கு 200 கிராம் தாங்கி 0.01 கிராம் காட்டுவது தேவை. 0.001 கிராம் காட்டும் தராசுகளும் உண்டு. அவை மூச்சுக்காற்றுக்கும் அசையும், மூடியின்றிப் பயன்படா. பழைய பொற்கொல்லர்கள் தமது சிறு தராசைக் கண்ணாடிக் கூட்டினுள் வைத்து, குன்றிமணியை எடுத்து நிறுத்தது காற்றுக்கு அஞ்சியே. எமது தராசையும் மின்விசிறியின் கீழ் வைத்து நிறுப்பது அறியாமை.

இப்போது உப்பின் கதைக்கு வருவோம். காரணம் இன்னும் திட்டவட்டமாக அறியப்படாத சிறுநீரக நோய் ஒன்று, 1990களின் நடுப்பகுதியில் வடமத்திய மாகாணத்து விவசாயக் கிராமங்களில் இனங்காணப்பட்டது. வவுனியா மாவட்டத்தையும் அது விட்டுவைக்கவில்லை. சிறுநீரக நோயாளர் உப்பைக் குறைக்க வேண்டுமென வைத்தியர் கூறுவர். நோயற்ற வளர்ந்தோருக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புப் போதுமென உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஐந்து கிராம் என்பது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. ஆனால் தேக்கரண்டியில் தலைதட்டி எடுப்பதும் குவித்து எடுப்பதும் ஒன்றாகுமா? தூள் உப்பும் கல்லுப்பும் ஒன்றாகுமா? கைப்பழக்கத்தால் உப்பிட்ட கை, நோயாளிக்கென்று குறைப்பதாக எண்ணிக்கொண்டு குறைக்காமலே போய்விடும்.

எமது இல்லத்துப் பெரியவர் ஒருவருக்கு அவ்வாறு உப்பு அளவிட்டபோதே தராசு வீட்டுக்கு வந்தது. இல்லத்தரசி கண்ட முறை இது: காலையில் வைத்தியர் குறித்த அளவு உப்பை நிறுத்து ஒரு சிறு சிமிழில் இடுவார். பெரியவருக்கென்று சமைக்கும் எதற்கும் அச்சிமிழிலிருந்தே உப்பு எடுக்கப்படும். சிமிழ் வெறுமையானால் அன்றைய உப்பு முடிந்தது. கருவாட்டிலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும் ஏற்கெனவே கலந்திருக்கும் உப்பைத் தராசு காட்டாது. ஆதலின் அவை பெரியவரின் தட்டுக்கு வருவதில்லை. சாதாரண உப்புக்குப் பதிலாக விற்கப்படும் பொட்டாசியம் கலந்த உப்பு, சிறுநீரக நோயாளருக்குத் தீங்காகலாம். வைத்தியரைக் கேளாமல் அதனைத் தொடலாகாது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆயிரத்துக்கு மூன்று பங்கு தவறிய எமது தராசு, 5 கிராம் உப்பில் தவறியது 0.015 கிராம் மாத்திரமே. உப்புக்கு அது ஒரு பொருட்டன்று. ஆச்சியின் பொன்னுக்கோ அது ஒரு மனிதரின் நற்பெயர். மறுபுறம், ஒரு கிராம் காட்டும் சமையலறைத் தராசு, தான் சரியாக இருந்தும், உப்புக்கு உதவாது. அது 5 என்று காட்டும்போது உள்ளே இருப்பது நாலரையும் ஆகலாம், ஐந்தரையும் ஆகலாம். தராசின் மிகச் சிறிய படியைப் போல் இருபது மடங்குக்குக் குறைந்த எதனையும் அதில் நிறுக்கலாகாது என்பதைப் பொது விதியாகக் கொள்ளலாம். ஒரு கிராம் தராசுக்கு அது 20 கிராம், 0.1 கிராம் தராசுக்கு 2 கிராம்; 0.01 கிராம் தராசுக்கு 0.2 கிராம்.

இன்னுமொன்று. வெறுந்தட்டில் உப்பைச் சிறிது சிறிதாகத் தூவினால் பல தராசுகள் அசையாமல் பூச்சியத்தையே காட்டிக்கொண்டிருக்கும். காற்றாலும் வெப்பத்தாலும் நேரும் சிறு அசைவுகளைத் தாமே பூச்சியமாக்கிக் கொள்ளும்படி அவை அமைக்கப்பட்டிருப்பதே காரணம். மெதுவாக விழும் உப்பையும் அவை அவ்வாறே விழுங்கிவிடும். இதற்கு மாற்று எளிது. முதலில் ஒரு நாணயத்தைத் தட்டில் வைத்து அது காட்டுவதைக் குறித்துக்கொண்டு, அதன்மேல் உப்பை நிறுத்து, நாணயத்தின் அளவைக் கழிக்கலாம்.

கடையில் தராசை வாங்கும்போது செய்யத்தக்க சோதனைகள் சிலவற்றைக் கூறுவோம். இவற்றுக்கு வேண்டியவை ஒரு மோதிரமும் ஒரு திறப்பும் சிறிது பொறுமையுமே. முதலாவது, ஒரே பொருளை ஐந்து முறை எடுத்து எடுத்து வைக்க வேண்டும். ஐந்து முறையும் ஒரே இலக்கம், அல்லது ஒரு படி வேறுபாடு மாத்திரம் வரலாம். இச்சோதனையில் தவறிய தராசை எந்தப் படிக்கல்லாலும் திருத்த முடியாது. இரண்டாவது, அப்பொருளைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, மோதிரத்தைத் தனியாகவும் திறப்பைத் தனியாகவும் நிறுத்து, பின்னர் இரண்டையும் சேர்த்து நிறுக்க வேண்டும். கூட்டுத்தொகை ஒத்துவருதல் அவசியம். நான்காவது, பொருளை வைத்துப் பத்து நிமிடம் விட்டு, இலக்கம் தானாக நகர்கிறதா என்று கவனித்து, எடுத்ததும் பூச்சியத்துக்குத் திரும்புகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இந்த நான்கிலும் தேறிய தராசுக்குத் துணையாக ஒரு படிக்கல்லையும் வாங்குதல் வேண்டும். படிக்கற்களுக்கும் தரங்கள் உண்டு. 'எம்1' எனக் குறிக்கப்பட்ட தரத்தில், 100 கிராம் படிக்கல் 0.005 கிராமுக்கு மேல் தவறலாகாது என்பது விதி. 0.01 கிராம் காட்டும் வீட்டுத் தராசுக்கு அது போதுமானது. படிக்கல்லை வெறுங்கையாற் பிடியாது துணியாற் பிடித்து, சிமிழில் இட்டு வைக்க வேண்டும். கையின் எண்ணெயும் வியர்வையும் அதன் நேர்மையைக் கெடுக்கும்.

படிக்கல் கிடைக்காதபோது தண்ணீரால் சோதிக்கலாமா என்று கேட்பார்கள். எமது ஊர் வெப்பத்தில், 30 பாகை செல்சியசில், 10 மில்லிலீற்றர் தூய நீர் 9.96 கிராம் இருக்கும். சிரிஞ்சினால் அளந்து விட்டுப் பார்க்கலாம். ஆனால் சிரிஞ்சின் கோடுகளே நூற்றுக்குச் சில பங்கு பிசகக்கூடியவை. தராசு பெருந்தவறு செய்கிறதா என்பதை இச்சோதனை காட்டும். பொன்னுக்கு வேண்டிய நுட்பத்தைக் காட்டாது. பெரியோர் ஓர் இறாத்தல் பாண் என்று இன்றும் கூறும் அந்தப் பாணையும் வைத்துப் பார்க்கலாம். இறாத்தல் என்பது 453.6 கிராம். அது தராசுக்கன்று, பாணுக்குச் செய்யும் சோதனையாகும்!

வாங்கிய பின் பேணும் முறையும் உண்டு. சமதளமான, அசையாத மேசையில் வைத்தல் வேண்டும். பாயிலும் துணியிலும் வைத்தலாகாது. வெயிலில் வந்த தராசை அரைமணி நேரம் அறையில் இருக்கவிட்டு நிறுக்க வேண்டும். மின்கலம் தளர்ந்ததும் மாற்ற வேண்டும். மாதம் ஒரு முறையும், இடம் மாறிய போதெல்லாமும் படிக்கல்லை வைத்துப் பார்க்க வேண்டும்.

நகையை ஈடு வைக்கச் செல்வோருக்கு ஒரு வார்த்தை. முதலில் வீட்டில் நிறுத்து, நாளையும் அளவையும் எழுதிக்கொண்டு செல்லுங்கள். அங்கே தட்டு வெறுமையாயிருக்கையில் பூச்சியம் காட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டொரு படி வேறுபாடு வஞ்சனையன்று. எந்த இரு தராசும் அவ்வளவு வேறுபடலாம். அதற்கு மேற்பட்டால், மீண்டும் ஒரு முறை கண்முன் நிறுக்கும்படி பணிவோடு கேளுங்கள். கல்லிழைத்த நகையில் கல்லின் நிறை கழிக்கப்படும் என்பதையும், பொன்னின் மாற்றுத் தராசில் தெரியாது என்பதையும் மறவாதீர்கள். வியாபாரத்துக்குப் பயன்படும் தராசுகளை முத்திரையிட்டு மேற்பார்வை செய்வதற்கென்று, 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் இயங்குகிறது. முத்திரையுள்ள தராசைக் கேட்டு வாங்குவது எவருக்கும் உரிமை. எமது வீட்டுத் தராசுக்கு அத்தகைய முத்திரை இல்லை. அது எமது அறிவுக்கே அன்றி, பிறரைக் குற்றஞ்சாட்டுவதற்கு அன்று.

வன்னியிலே பொன் என்பது அலங்காரம் மாத்திரமன்று. போரிலும் இடப்பெயர்விலும் வீட்டையும் வயலையும் விட்டுப் புறப்பட்ட பல குடும்பங்களுக்குக் கையிலும் கழுத்திலும் எஞ்சியதே அரிசியாகவும் மருந்தாகவும் மாறிற்று. அவ்வாறு மாறியபோது நிறுத்தவர் யார், எந்தத் தராசில் நிறுத்தார் என்று கேட்கும் நிலையில் எவரும் இருக்கவில்லை. இன்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் முதற் கேள்வியை எமது தராசிடமே கேட்க வேண்டும்.

வள்ளுவர் நடுவுநிலைமைக்கு உவமை தேடியபோது துலாக்கோலையே எடுத்துக்கொண்டார். தான் முதலிற் சமனாக நின்றாலன்றித் துலாக்கோல் பிறவற்றை நிறுக்க இயலாது. ஆச்சி அந்தக் குறளை ஓதியதை நாம் கேட்டதில்லை. அதன் பொருளை அவர் அறிந்திருந்தார். அந்தப் போகம் அறுவடையானதும் சங்கிலி மீட்கப்பட்டு மறுபடியும் பெட்டகத்துக்கு வந்தது. பொற்கொல்லரின் துண்டையும் எடுத்து அதனோடு மடித்து வைத்தோம்.